களஞ்சியமும் கப்பலும்

நாஞ்சில் நாட்டைப் பற்றி எழுத உட்காருகிற எவருக்கும் முதல் பக்கத்திலேயே 'திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம்' என்ற சொல் தானாக வந்து விழுந்துவிடுகிறது. சமஸ்தான மானுவல்களிலிருந்து பள்ளிக்கூடப் புத்தகத்துக்கும், அங்கிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து நம் கதைகளுக்கும் கவிதைகளுக்கும் வந்து சேர்ந்த சொல் இது. இப்போது அதற்கு ஒரு துக்கத் தொனியும் கூடியிருக்கிறது. வயல் வாழைத்தோட்டமாயிற்று, பிறகு பிளாட்டாயிற்று, களஞ்சியம் போயிற்று என்கிறோம். துக்கத்தில் பொய் இல்லை. ஆனால் ஒரு சொல்லை உரசிப் பார்க்காமல் இவ்வளவு காலம் புழங்கிவந்தால் அது சரித்திரத்தைச் சொல்வதை விட்டுவிட்டு மறைக்கத் தொடங்கிவிடும். யாருக்குக் களஞ்சியம்? எவ்வளவு பேர் அதிலிருந்து சாப்பிட்டார்கள்? மற்றவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? இந்த எளிய கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நாஞ்சில் நாட்டு நெல்லின் கடந்த நூற்றைம்பது வருஷச் சரித்திரத்தில் ஒரு பாதிதான் பழையாற்றங்கரையில் நடந்தது. மறுபாதி ஐராவதி நதியின் கழிமுகத்தில் நடந்தது. அதை விட்டுவிட்டு எழுதப்படும் மண்வாசனை, மண்ணைப் பற்றிய அரைகுறைத் தகவலாகவே நின்றுபோகும்.

1

பழைய கணக்கில் நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற இரண்டு தாலுகாக்கள். மேற்கே கல்குளமும் விளவங்கோடும் மலையும் மேடுமாகக் கிடக்க, கிழக்கே இந்த இரண்டு தாலுகாக்களில் மட்டும் பழையாறும் குளங்களும் சேர்ந்து சமதளத்தில் வயலை உண்டாக்கின. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகிற பழைய ஏற்பாடு. பரளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுக்குத் திருப்பிவிட்ட பாண்டியன் கால் பாண்டியர் காலத்தது என்று சொல்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு பூ. கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ, கும்பத்தில் அறுப்பது கும்பப்பூ. தமிழ் பேசுகிறவர்கள் கொல்லம் ஆண்டின் மாதப் பெயரால் விளைச்சலைச் சொல்லிக்கொண்டதிலேயே அந்த நெல் எந்த ராஜ்யத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பது தெரிகிறது.

ஏக்கரும் சென்ட்டும் வருவதற்கு முன் இங்கே நிலத்துக்கு விதைதான் அளவு. ஒரு கோட்டை விதைப்பாடு என்றால் ஒரு கோட்டை விதை பிடிக்கிற வயல். கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால். பாட்டம் நெல்லாக அளந்தார்கள், அறுப்புக் கூலியைக் கொத்தாக அளந்தார்கள், கோயிலுக்கும் நெல், ஊர்த் தொழிலாளிகளுக்கும் நெல். வயிற்றுக்குள் போவதற்கு முன் நெல் பல கைகள் மாறி நாணயமாக வேலை செய்தது.

நாணயம் என்றால் அதைப் பறிக்க ஆள் வருவார்கள். 18-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நாஞ்சில் நாட்டார் கூடி வரி கொடுப்பதில்லை என்று தீர்மானித்த விஷயம், அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளிலிருந்து நமக்குத் தெரியவந்தது. அவற்றைத் தேடி எடுத்து வெளியிட்டவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. படைகள் புகுந்து விளைச்சலைச் சூறையாடும்போது காக்க வராத ராஜாவுக்கு வரி எதற்கு என்பது அந்த நாட்டாரின் தர்க்கம். நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சம்பவம் இது. பெருமைப்படலாம். ஆனால் கூடியவர்கள் நிலம் உடையவர்கள். அந்த நிலத்தில் இறங்கி நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் கூட்டத்தில் இடமில்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855-ல்தான். அதுவரை வயல் கைமாறும்போது அதோடு சேர்த்து மனிதர்களும் கைமாறியிருக்கிறார்கள். களஞ்சியம் என்ற சொல்லின் முதல் விரிசல் இங்கே இருக்கிறது. நெல்லை விளைவித்தவனுக்கு அரிசி தினசரிச் சாப்பாடாக இருக்கவில்லை.

2

1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களுக்கும் இடையே ஒரு வர்த்தக உடன்படிக்கை ஏற்பட்டது. அப்போது திவான் டி. மாதவராவ். எல்லைச் சுங்கங்கள் பெரும்பாலும் எடுபட்டன. சரக்கு தடையில்லாமல் உள்ளே வரலாம், வெளியே போகலாம். நான்கு வருஷம் கழித்து, 1869-ல், சூயஸ் கால்வாய் திறந்தது. கொப்பரை, கயிறு, மிளகு, தேயிலை இவற்றுக்கு மேற்கில் கிராக்கி. தென்னை வைத்தால் காசு, நெல் நட்டால் சோறு. காசு இருந்தால் சோறு கப்பலில் வரும் என்கிற ஒரு புதிய கணக்குத் திருவிதாங்கூரின் கரையோரம் முழுக்கப் பரவிற்று.

சோறு வந்த இடம் பர்மா. 1852-ல் பிரிட்டிஷார் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது அங்கே நெல் விளைந்தது சுமார் பத்து லட்சம் ஏக்கரில். 1930-களில் அது 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காட்டையும் சதுப்பையும் வெட்டித் திருத்தியவர்கள் பர்மிய விவசாயிகள். அதற்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்கள். ரங்கூன் ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கியவர்கள் தெலுங்குக் கூலிகளும் தமிழ்க் கூலிகளும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் வருஷத்துக்கு 30 லட்சம் டன் அளவில் பர்மா ஏற்றுமதி செய்தது. உலகத்தில் அவ்வளவு அரிசியை வெளியே விற்ற தேசம் வேறில்லை. அதில் ஏறத்தாழப் பாதி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது.

பேச்சிப்பாறை அணையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். கோதையாற்றின் குறுக்கே 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த வேலை. ராஜா மூலம் திருநாள், எஞ்சினீயர் மின்சின். அவர் கல்லறை அணைக்கருகிலேயே இருக்கிறது. நாஞ்சில் நாட்டின் கடைமடைக்கும் நிச்சயமான தண்ணீரைக் கொண்டுவந்த அணை அது. நம் ஊர்க்காரர்கள் அதை அன்னம் போட்ட அணையாக நினைப்பதும் சரிதான். ஆனால் அணைக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், சமஸ்தானம் தன் சோற்றுக்குக் கடலைப் பார்க்கப் பழகிக்கொண்டிருந்தது. யுத்தம் வரும் காலத்தில் திருவிதாங்கூர் சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. இரண்டு தாலுகாக்கள் எவ்வளவு விளைந்தாலும் இந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்க முடியாது. திருவிதாங்கூரின் உண்மையான களஞ்சியம் ரங்கூன் துறைமுகத்தில் இருந்தது. நாஞ்சில் நாடு அதன் முன்னறை.

இன்னொரு பக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தென் திருவிதாங்கூரின் ஏழை ஜனங்களில் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். தோட்டத்தில் கூலியின் ஒரு பகுதியை அரிசியாக அளந்தார்கள். அந்த அரிசி கப்பலில் வந்த அரிசி. தன் ஊர் வயலில் அறுப்புக்கு அறுப்பு மட்டுமே அரிசியைக் கண்ட ஒருவன், அந்நிய தேசத்தில் மற்றொரு அந்நிய தேசத்து அரிசியை வாரத்துக்கு இத்தனை படி என்று வாங்கிச் சாப்பிட்டான். அடிமைத்தனத்துக்கு இலேசாக மாற்றுடை போட்ட வாழ்க்கைதான் அது. இருந்தாலும் நெல்லைப் பற்றிய நம் ஏக்கத்தில் இந்த மனிதனுக்கும் ஒரு இடம் வேண்டும்.

ஊரோடு இருந்தவர்களுக்கு வேறொன்று வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனியைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார். தென் அமெரிக்கக் கிழங்கு. கல்குளமும் விளவங்கோடும் அதைச் சொந்தமாக்கிக்கொண்டன. நெல் தின்கிற கிழக்கு, கிழங்கு தின்கிற மேற்கு என்று நாகர்கோவில்காரர்கள் கொஞ்சம் இளக்காரத்தோடு பிரித்துச் சொல்வது வழக்கம். அந்த இளக்காரம் எவ்வளவு ஆபத்தானது என்று 1943 காட்டிற்று.

3

அதற்கு முன்னால் முப்பதுகளின் விலைச்சரிவு. உலகமெங்கும் தானிய விலை விழுந்தபோது பர்மா நெல்லின் விலை பாதிக்கும் கீழே போயிற்று. விவசாயி கடன் கட்ட முடியாமல் நிலத்தை விட்டான். 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. 1938-ல் நூற்றுக்கு இருபத்தைந்து. இதை அவர்கள் விரும்பித் தேடினார்கள் என்று சொல்ல முடியாது. கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலம், விற்கவும் முடியாத நிலம். ஆனால் தன் வயலில் தானே குத்தகைக்காரனாக நின்ற பர்மியனுக்கு இந்த நுணுக்கம் புரிய வேண்டிய அவசியம் இல்லை. 1930 டிசம்பரில் வெடித்த சாயா சான் கலகத்துக்கும், பிறகு வந்த இந்திய விரோதக் கலவரங்களுக்கும் பின்னால் நெல் விலை இருக்கிறது.

அங்கே விழுந்த விலை இங்கேயும் விழுந்தது. பர்மா 1937 ஏப்ரல் முதல் தேதிவரை இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே அதன் அரிசிமீது இறக்குமதி வரி என்ற பேச்சுக்கே இடமில்லை. தஞ்சாவூர் மிராசுதார்கள் கூக்குரல் இட்டதற்குப் பலனாக 1935-ல் வெளிதேசத்து நொய்யரிசிக்கு வரி வந்தது. அது சயாமைத் தடுத்தது, ரங்கூனைத் தொடவில்லை. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதிலிருந்து கிடைத்த பாடம் புதிது. வானம் பொய்த்தால் கஷ்டம் என்பதை அவன் முன்னோர்கள் அறிவார்கள். குளம் நிறைந்து, கும்பப்பூ நன்றாக விளைந்து, பத்தயம் நிரம்பிய வருஷத்திலும் கடன் அடையாமல் போகலாம் என்பதை அந்தத் தலைமுறைதான் முதலில் கண்டது. அவன் பார்த்தறியாத ஒரு துறைமுகத்தில் அவன் நெல்லுக்கு விலை எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

4

1942 மார்ச் 8-ம் தேதி ஜப்பானியப் படை ரங்கூனில் நுழைந்தது. பர்மாவிலிருந்து இந்தியர்கள் லட்சக்கணக்கில் காடும் மலையுமாக நடந்து திரும்பினார்கள், வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அரிசிக் கப்பல் நின்றது.

வங்காளத்தில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். விசாரணைக் கமிஷன் சாவுக் கணக்கை 15 லட்சம் என்றது. பின்னால் வந்த ஆய்வுகள் 30 லட்சம்வரை கொண்டுபோயின. திருவிதாங்கூரைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நகரம், கிராமம் என்று பாராமல் சமஸ்தானம் முழுவதற்கும் ரேஷன் கொண்டுவந்ததற்காகத் திவான் சி. பி. ராமசாமி ஐயரின் நிர்வாகம் பாராட்டுப் பெற்றது. அந்தப் பாராட்டு நியாயமானதே. ஆனால் சேர்த்தலைத் தாலுகாவில் கயிறு திரித்துப் பிழைத்தவர்கள் பட்டினியாலும் அதைத் தொடர்ந்த காலராவாலும் செத்ததும் அதே நிர்வாகத்தில்தான். கே. ஜி. சிவசாமியும் சகாக்களும் 1945-ல் வெளியிட்ட அறிக்கை இதைத் தாலுகா தாலுகாவாகப் பதிந்திருக்கிறது.

செத்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். கயிற்றுக்கு வெளிநாட்டுச் சந்தை போயிற்று, ஆகவே கூலி போயிற்று. அதே சமயத்தில் அரிசிக் கப்பலும் போயிற்று. உணவு இல்லாததால் அல்ல, உணவைப் பெறுகிற வழி அறுந்துபோனதால் மனிதர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று 1981-ல் அமர்த்யா சென் பஞ்சத்தைப் பற்றிய தம் நூலில் விளக்கினார். சேர்த்தலையில் இரண்டும் ஒன்றாக நடந்தன. நாஞ்சில் நாட்டில் பத்தயம் உள்ள வீடு எதிலும் பட்டினிச் சாவு இல்லை. சர்க்கார் மிச்ச நெல்லைக் கொள்முதல் செய்ய வந்தபோது எழுந்த மனக்கசப்புத்தான் அங்கே பஞ்சத்தின் நினைவு. ஆளைக் காப்பாற்றியது பெரும்பாலும் மரச்சீனி. களஞ்சியம் என்ற சொல்லுக்கு உண்மையான பரீட்சை வந்த ஒரே வருஷத்தில், அந்தச் சொல் இரண்டு தாலுகாக்களுக்கு வெளியே எட்டவில்லை. இது நாஞ்சில் நாட்டின் குற்றம் என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு நெல் அங்கே ஒருபோதும் இருந்ததில்லை என்பதே விஷயம்.

5

1956 நவம்பர் முதல் தேதி நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் உட்படப் பலருடைய போராட்டத்தின் பலன். மொழியின் நியாயத்தைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் மொழியின் எல்லையும் அரிசியின் எல்லையும் ஒன்றல்ல. அதுவரை எல்லைச் சாவடி கிழக்கே ஆரல்வாய்மொழியில் இருந்தது. நாஞ்சில் நெல்லுக்கு இயற்கையான சந்தை மேற்கே, திருவனந்தபுரம். ஒரே இரவில் சாவடி மேற்கே களியக்காவிளைக்கு நகர்ந்தது. நெல் இருந்த இடத்திலேயே இருந்தது, வாசல் இடம் மாறிவிட்டது.

சில வருஷங்களுக்கு இதன் விளைவு தெரியவில்லை. 1957-ல் நான்கு தென்மாநிலங்களையும் ஒரே அரிசி மண்டலமாக்கியிருந்தார்கள். 1964-ல் அதை உடைத்து மாநிலத்துக்கு ஒரு மண்டலம் என்றார்கள். கேரளத்தில் பஞ்சம், ரேஷன். தலைமுறைகளாக மாட்டு வண்டியில் பகிரங்கமாகப் போன அரிசிக்கு ஒரு புதுப்பெயர் வந்தது: கடத்தல். அந்த வருஷங்களில் களியக்காவிளை வழி பஸ்ஸில் போனவர்களுக்கு நினைவிருக்கும். சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, தோப்புகளின் ஊடாக நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடியும் பஸ் ஏறுகிற பெண்கள். இடுப்பிலும் தலையிலும் நாலைந்து படி அரிசி. பிடிபட்டால் அரிசி போகும், அடியும் விழும். பிடிபடாவிட்டால் அன்றைய கூலி. லாரியில் போன அரிசிக்கு வேறு ஏற்பாடுகள் இருந்தன. நெல்லைப் பற்றி எழுதுகிற நமக்குக் களத்து மேட்டில் பொலி அளக்கிற காரணவர் சுலபமாக அகப்பட்டுவிடுகிறார். இந்தப் பெண்கள் அகப்படுவதில்லை.

தமிழ்நாட்டு ரேஷன் அரிசி 2011-லிருந்து இலவசம். அதே சாவடி வழியாக அது கேரளத்துக்குப் போவதும், பிடிபடுவதும் பத்திரிகைச் செய்தியாகத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. எல்லையின் இரண்டு பக்கத்திலும் விலை வேறு என்றால், நடுவில் ஒருவன் நடந்துகொண்டுதான் இருப்பான்.

6

இனி விதை. 'நம் மண்ணின் நெல்' என்று கட்டிச்சம்பாவைச் சொல்கிறோம். 1966-ல் பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. அதன் ஒரு பெற்றோர் தைவானின் குட்டை நெல், மற்றொன்று இந்தோனேஷியாவின் 'பேட்டா'. பேட்டாவின் வம்சத்தைத் தேடிப்போனால் அதில் சீனத்து நெல்லும், வங்காளத்து 'லாட்டிசைல்' நெல்லும் இருக்கின்றன. அந்த ஐ.ஆர். 8-ஐக் கட்டிச்சம்பாவோடு கலந்துதான் 1980-களில் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் டி.பி.எஸ். 1 ரகத்தை உண்டாக்கிற்று. பழையாற்றங்கரையில் நின்ற அந்தக் குட்டைப் பயிருக்குள் வங்காளமும் சீனமும் ஜாவாவும் தைவானும் நாஞ்சில் நாடும் இருந்தன. இதில் வருந்த ஒன்றுமில்லை. கட்டிச்சம்பாவின் உயரமும் சுவையும் போனதற்கு வருந்துகிறவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் தூய்மை போயிற்று என்ற வருத்தத்தில் சேர முடியாது. நெல்லுக்கு அப்படியொரு தூய்மை எப்போதும் இருந்ததில்லை.

ஐ.ஆர். 8 பிறந்த பிலிப்பைன்ஸ் இன்று உலகத்தில் மிக அதிகமாக அரிசி வாங்கும் நாடுகளில் ஒன்று. விளைகிற அரிசியில் பத்தில் ஒரு பங்குதான் தேசங்களின் எல்லையைத் தாண்டுகிறது. மற்றதெல்லாம் விளைந்த நாட்டிலேயே தின்று தீர்கிறது. சந்தை இவ்வளவு ஒடுக்கமாக இருப்பதால் ஒரு பெரிய விற்பனையாளன் கதவைச் சாத்தினால் விலை எகிறும். 2008-ல் இந்தியாவும் வியட்நாமும் சாத்தியபோது தாய்லாந்து அரிசி டன் ஆயிரம் டாலரைத் தொட்டது. 2023 ஜூலையில், உலக ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கை வைத்திருந்த இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசியைத் தடை செய்தது. தடை நீங்க 2024 செப்டம்பர்வரை ஆயிற்று. 1942-ல் நாம் கப்பலுக்குக் காத்திருந்த பக்கத்தில் இருந்தோம். இப்போது கப்பலை நிறுத்துகிற பக்கத்தில் இருக்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் கூலிக்காரன் ஒருவன், தான் பார்த்தறியாத துறைமுகத்தில் தன் சோற்றுக்கு விலை எழுதப்படுவதை உணர்ந்திருப்பான்.

கேரளத்தில் 1974-75-ல் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் இருந்தது. இப்போது இரண்டு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. நாஞ்சில் நாடும் அதே பாதையில்தான் போகிறது. நெல்லில் மிஞ்சுவது வாழையில் மிஞ்சுவதைவிடக் குறைவு, வாழையில் மிஞ்சுவது மனையில் கிடைப்பதைவிடக் குறைவு. இந்தக் கணக்கு 1865-ல் தென்னைக்காகப் போட்ட கணக்கின் தொடர்ச்சி. காசு இருந்தால் சோறு எங்கிருந்தாவது வரும் என்கிற நம்பிக்கையும் அதேதான். நாகர்கோவில் கடைகளில் ஆந்திர அரிசியும் கர்நாடக அரிசியும் வந்து இறங்குகின்றன. ஐராவதிக்குப் பதில் கிருஷ்ணாவும் துங்கபத்திராவும்.

வெளியிலிருந்து அரிசி வாங்கிச் சாப்பிடுவது அவமானம் என்று நான் நினைக்கவில்லை. மனிதர்கள் எப்போதும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். எதை நம்பி வாழ்கிறோம் என்பதைக் கணக்கில் எழுதாமல் இருப்பதுதான் ஆபத்து. 1942 மார்ச்சில் திருவிதாங்கூருக்கு நேர்ந்தது அதுதான். களஞ்சியம் என்ற பெருமை கப்பலைக் கணக்கிலிருந்து மறைத்து வைத்திருந்தது. கப்பல் நின்ற பிறகு கணக்கைத் தீர்த்தவர்கள் அந்தப் பெருமையில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள்.

இன்று ஊரில் இளைஞர்களிடம் கோட்டை விதைப்பாடு என்றால் புரிவதில்லை. சென்ட் கணக்குத்தான் தெரியும். அந்தச் சொல் போவதைப் பற்றி நாம் எழுதுவோம், எழுதத்தான் வேண்டும். எழுதும்போது, அதே மரக்காலால் கொத்து அளந்து வாங்கிக்கொண்டு போனவளுக்கு எத்தனை நாள் சோறு வந்தது என்பதையும் விசாரித்து எழுதினால் நல்லது.